மாற்றுத்திறனாளி உதவித்தொகை மறுக்கப்பட்டால்: நீண்டகால நோயாளிகளுக்கான மேல்முறையீட்டு வழிகாட்டி

காலை ஆறு மணிக்கு என்னால் டீ டம்ளரைப் பிடிக்க முடியாது. மாத்திரை போட்டு, வெந்நீரில் கையை வைத்து எடுத்தால் பதினோரு மணிவாக்கில் விரல்கள் ஓரளவுக்கு மடங்கும். மருத்துவக் குழு என்னைப் பார்த்தது பதினொன்றரை மணிக்கு. "கையை மூடுங்க, திறங்க" என்றார்கள். மூடினேன், திறந்தேன். என் பாதிப்பு 30 சதவீதம் என்று எழுதினார்கள். முழங்காலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஓய்வூதியத்துக்கு வேண்டியது 40.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள் நான். மூட்டுகளை இறுக்கும் முடக்குவாதம் வந்து எட்டு வருடமாகிறது. மேல்முறையீடு செய்து 40-ஐத் தாண்ட எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் பாதி, யாரிடம் போவது என்று தெரியாமல் வீணாக அலைந்த காலம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

"இல்லை" என்று சொன்னது யார்?

நம் பக்கத்தில் எல்லாவற்றையும் "ஊனமுற்றோர் பணம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இது தனித்தனி அலுவலகங்களின் வேலை. ஓரிடத்தில் வந்த மறுப்பை இன்னோரிடத்தில் முறையிட்டுப் பயனில்லை.

முதலாவது, சதவீதச் சான்றும் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும். இதை முடிவு செய்வது அரசு மருத்துவர்கள். இப்போது வரும் அட்டைகளில் 40-க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம். கையில் வெள்ளை அட்டை வந்தால் உங்கள் பிரச்சினை மருத்துவப் பிரச்சினை.

இரண்டாவது, வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய். இ-சேவை மையத்தில் பதிவு செய்ததும் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை போகும். முடிவெடுப்பவர் தாலுகா அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர்.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். இது எல்லோருக்கும் கிடையாது. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடும் பாதிப்பு உள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), முதுகுத்தண்டுக் காயம் போன்றவை உள்ளவர்களுக்குத்தான். ஓய்வூதியமும் இதுவும் ஒருசேரக் கிடைக்காது.

நான் 30 சதவீதச் சான்றை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அங்கிருந்த ஊழியர் ஒருவர் உட்கார வைத்துச் சொன்னார்: "அம்மணி, இது எங்க கையில இல்லீங்க. டாக்டருங்க போட்ட பர்சன்டேஜ டாக்டருங்கதான் மாத்தோணும்." முதல் நாளே ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் பஸ்ஸில் நின்றே போன அந்த வலியாவது இருந்திருக்காது.

நோயின் பெயருக்கு மதிப்பெண் இல்லை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்க்கின்சன், தண்டுவட மரப்பு, தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், மனநோய் ஆகியவை அதில் பெயரோடு இருக்கின்றன. சர்க்கரை, சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், முடக்குவாதம், லூபஸ் ஆகியவை பெயரோடு இல்லை. "எனக்கு இருபது வருசமா சர்க்கரைங்க" என்று எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் சதவீதம் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அந்த நோய் உடம்பில் விட்டுப்போன சேதம் பட்டியலில் இருக்கலாம். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருந்தால் அது பார்வைக் குறைபாடு. காலை எடுத்திருந்தால், பக்கவாதத்தில் ஒரு கை விழுந்திருந்தால், வாதத்தில் மூட்டு இறுகியிருந்தால் அது இயக்கக் குறைபாடு. மனுவில் முன்னால் நிற்க வேண்டியது இந்தச் சேதம். நோயின் பெயர் அதற்குக் காரணமாகப் பின்னால் வரட்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகப் பாதிப்பை மட்டும் வைத்து இந்தச் சட்டத்தில் சான்று கிடைக்காது. அதற்காக மேல்முறையீடு செய்து இருக்கிற கொஞ்சம் தெம்பையும் கரைக்க வேண்டாம். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும், வேலையில் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடும்தான் உங்களுக்கான வழி. இஎஸ்ஐ பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்

"ரிஜெக்ட் ஆயிருச்சுங்க" என்று கவுன்டரில் சொல்வதையோ, போனில் வரும் ஒற்றை வரிக் குறுஞ்செய்தியையோ வைத்து மேல்முறையீடு எழுத முடியாது. சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய விதிகளே சொல்கின்றன. ஓய்வூதிய மனுவுக்கு, இ-சேவை ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணைக் கொடுத்து நிராகரிப்பு உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். நான் கேட்டது இரண்டே கேள்விகள்: என்னை மதிப்பீடு செய்த தாளின் நகல், எந்தெந்த மூட்டுகள் அளக்கப்பட்டன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்ற விவரம். "ஏன் மறுத்தீர்கள்?" என்று கேட்டால் மழுப்பலாக ஒரு வரி வரும். இருக்கும் ஆவணத்தின் நகலைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வந்த தாளில் வலது கை, இடது கை மட்டும் இருந்தன. கால் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார்கள்.

அந்த ஒரு கணக்கு

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பாதிப்பு இருந்தால் இரண்டு சதவீதத்தையும் அப்படியே கூட்டமாட்டார்கள். 90-லிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டுவார்கள். என் கைகளுக்கு 30. முழங்கால்களுக்குப் பிறகு கிடைத்தது 20. 90-ல் 30 போக 60. 60-ஐ 20-ஆல் பெருக்கினால் 1,200. 90-ஆல் வகுத்தால் 13.3. ஆக மொத்தம் 43.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 40-ஐத் தொடவில்லை. சேர்த்தால் தாண்டுகிறது. நீண்டகால நோய் ஓரிடத்தில் நிற்பதில்லை, கை, கால், கண், காது என்று பரவித்தான் இருக்கும். அதனால் குழு எதை அளக்காமல் விட்டது என்று தேடுவதுதான் மேல்முறையீட்டின் உயிர். "எனக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்கள்" என்ற மனுவை ஒதுக்கிவிடலாம். "என் முழங்கால்கள் அளக்கப்படவே இல்லை" என்பதை அப்படி ஒதுக்க முடியாது.

மருத்துவரிடம் என்ன கேட்டு வாங்குவது

"இவர் கடுமையான முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டுள்ளார்" என்ற கடிதம் என்னிடம் மூன்று இருந்தது. மூன்றாலும் பயனில்லை. குழு பார்ப்பது மூட்டு எத்தனை டிகிரி அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு, எழுதுவது, பொத்தான் போடுவது, குந்தி எழுவது போன்ற வேலைகளில் எது முடிகிறது என்பதை. கடிதமும் அந்த மொழியில் பேச வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. அங்கே கோணம் அளக்கும் கருவியை வைத்து ஒவ்வொரு மூட்டையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் மூன்று விஷயங்கள் கடிதத்தில் வரும்படி கேளுங்கள்: எத்தனை வருடமாகச் சிகிச்சை, என்னென்ன மருந்து கொடுத்தும் இந்த நிலை, இனி இது குணமாக வாய்ப்பு உண்டா இல்லையா. சிகிச்சை முடிவதற்கு முன்பே வந்துவிட்டார் என்று தோன்றினால் குழு தள்ளிப்போடும். கடைசி விஷயம் அதற்காகத்தான்.

கூடவே 30 நாள் குறிப்பு எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு வரி. "தலை பின்ன முடியவில்லை, பக்கத்து வீட்டு அக்கா பின்னிவிட்டார்." "பாத்ரூமில் உட்கார்ந்து எழ முடியாமல் கதவைப் பிடித்து இழுத்ததில் கதவு கழன்றது." "இன்று பரவாயில்லை, ரசம் வைத்தேன்." நல்ல நாளையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். இந்தக் குறிப்புக்கு நேரடியாக ஒரு சதவீதமும் கிடைக்காது. ஆனால் அதைப் படித்த எலும்பு மருத்துவர்தான் நிமிர்ந்து பார்த்து, "முழங்காலையும் காட்டுங்க" என்றார்.

மனு

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 59-ஆவது பிரிவு, சான்று தரும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. மேல்முறையீட்டைக் கேட்கும் அதிகாரியை மாநில அரசு நியமிக்கிறது. அவருடைய பதவிப் பெயரையும் முகவரியையும் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மறுப்பு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நீங்களே கெடு வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைப் பதில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அதைப் பிறகு கூடுதல் ஆவணமாகக் கொடுக்கலாம்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்னுடையதன் நடுப்பகுதி இது:

"ஐயா, மேற்கண்ட தேதியில் நடந்த மதிப்பீட்டில் எனக்கு 30 சதவீதம் வழங்கப்பட்டது. அன்று என் இரு கைகள் மட்டுமே அளக்கப்பட்டன. இரு முழங்கால்களிலும் பாதிப்பு உள்ளதை இணைப்பு 1 (எக்ஸ்ரே அறிக்கை), இணைப்பு 2 (பிசியோதெரபி அளவீடு) ஆகியவற்றில் காணலாம். இணைப்பு 3-ல் என் சிகிச்சை மருத்துவரின் கடிதம் உள்ளது. எனவே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 59-ன் கீழ் என் மேல்முறையீட்டை ஏற்று, அனைத்து மூட்டுகளையும் அளந்து மறு மதிப்பீடு செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

என் கஷ்டம், வீட்டுக் கடன், மகள் படிப்பு எதுவும் அதில் இல்லை. முதலில் எழுதிய நான்கு பக்கத்தில் எல்லாம் இருந்தது. எழுதி அழுது தீர்த்துவிட்டு, அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன்.

பணப் பக்கத்து மறுப்பு

சதவீதம் சரியாக இருந்தும் வருவாய்த் துறை மறுப்பது நம் பக்கத்தில் நிறைய நடக்கிறது. பெரும்பாலும் நிலம், மகன், முகவரி இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

நிலம்: தாத்தா காலத்துக் கூட்டுப்பட்டாவில் உங்கள் பெயரும் இருக்கும். சிட்டாவில் நான்கு ஏக்கர் என்று தெரியும். அதில் உங்கள் பங்கு எவ்வளவு, அது வாய்க்கால் பாசனமா, வானம் பார்த்த மேட்டாங்காடா என்பது தெரியாது. சிட்டா, அடங்கல் நகலோடு பங்குதாரர்கள் எத்தனை பேர் என்பதையும், அந்தப் பங்கிலிருந்து வரும் வருமானத்தையும் எழுதிக் கொடுங்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றை இணையுங்கள்.

மகன்: தனிக் குடித்தனம் போன மகனின் பெயர் இன்னும் உங்கள் ரேஷன் கார்டில் இருந்தால் அவன் சம்பளம் உங்கள் குடும்ப வருமானமாகத்தான் தெரியும். கார்டைப் பிரித்துவிட்டு மனுச் செய்யுங்கள்.

முகவரி: கார்டு தாராபுரம் பக்கம், குடியிருப்பது திருப்பூர் லைன் வீட்டில் என்று இருப்பவர்களுக்கு இதுதான் வினை. விசாரணைக்கு வந்தவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்து "மனுதாரர் வசிக்கவில்லை" என்று எழுதிவிடுவார். மனுவில் இரண்டு போன் எண் கொடுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள். எங்கே நிரந்தரமாக இருக்கிறீர்களோ அங்கே ஆதாரையும் கார்டையும் மாற்றிவிட்டு அந்தத் தாலுகாவிலேயே கேளுங்கள்.

இந்த மறுப்புகளுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடுங்கள், நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். அங்கே கொடுக்கும் மனு பல நேரம் உங்களை மறுத்த அதே மேசைக்கே திரும்பிப் போகும். அதனால் "ஏற்கெனவே உத்தரவிட்ட அலுவலருக்கு மேலுள்ள அலுவலர் விசாரிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். மனு எண் போட்ட சீட்டு வாங்காமல் நகராதீர்கள். போக உடம்பு இடம் தராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

ஆட்சியர் அலுவலக வாசலில் "ஆயிரம் குடுங்க, பர்சன்டேஜ் ஏத்தித் தாரேன்" என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம். யூடிஐடிக்குக் கட்டணம் கிடையாது. பொய்யாகச் சலுகை பெற்றால் அதே 2016 சட்டத்தின் 91-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாட்டுவது நீங்கள்தான், அவர் இல்லை.

மறு மதிப்பீட்டு நாள்

கூட ஒருவரை அழைத்துப் போங்கள். எல்லா எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள். மேலே ஒரு துண்டுத்தாளில் பாதிப்புள்ள இடங்களைத் தலை முதல் கால் வரை எழுதுங்கள். அங்கே நெரிசலில் நிமிடங்கள்தான் கிடைக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், தாள் மறக்காது.

வலியைக் கூட்டிக் காட்டவும் வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். நம் ஆட்கள் இரண்டாவதைத்தான் செய்வோம். "எப்படி இருக்கீங்க" என்றால் "நல்லாருக்கேனுங்க" என்றுதானே வாயில் வரும்? வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் "மாத்திரை போட்டிருக்கேன், அதனால இப்ப இவ்வளவு மடங்குது, காலையில மடங்காது" என்று சொல்லிவிடுங்கள். குந்தி எழச் சொன்னால், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து காட்ட வேண்டாம்.

அலைச்சலுக்குப் பின் இரண்டு நாள் படுக்கை என்பதைக் கணக்கில் வைத்தே தேதி போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேலைதான்: ஒரு நாள் ஜெராக்ஸ், ஒரு நாள் தபால். நான் படுக்கையருகே ஒரு பள்ளி நோட்டு வைத்து, எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்று மகளை விட்டு எழுத வைத்தேன். நோவு மிஞ்சிய வாரங்களில் எதுவுமே நினைவில் நிற்காது.

அதற்கும் இல்லை என்றால்

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையில் இருக்கிறார். தபாலிலேயே புகார் அனுப்பலாம். அவர் சதவீதத்தை மாற்றித் தரமாட்டார். ஆனால் மனுவைக் கிடப்பில் போட்டது, காரணம் சொல்லாமல் மறுத்தது போன்றவற்றில் அலுவலகத்தை விளக்கம் கேட்க முடியும். அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். உயர் நீதிமன்றம்தான் கடைசிப் படி. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம்காரர்களுக்குச் சென்னை, கரூர்காரர்களுக்கு மதுரைக் கிளை.

மில், பனியன் கம்பெனி, ஃபவுண்டரியில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள். 34 நீண்டகால நோய்களுக்கு அது 80 சதவீதமாகி இரண்டு ஆண்டு வரை நீளும். சிறுநீரகச் செயலிழப்பு, புற்றுநோய், காசநோய், பார்க்கின்சன் அதில் உண்டு. இரண்டு ஆண்டு தொடர் வேலையும் பங்களிப்பு நாட்களும் சரியாக இருக்க வேண்டும். கம்பெனி உங்கள் நாட்களைக் குறைத்துக் காட்டியதால் மறுப்பு வந்திருக்கலாம், சம்பளச் சீட்டுகளை ஒருபோதும் எறிய வேண்டாம். வேலையில் அடிபட்டு வந்த ஊனத்துக்கு இஎஸ்ஐ மருத்துவக் குழு போட்ட சதவீதம் போதாது என்றால், மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

சான்று கைக்கு வந்ததும் அது நிரந்தரமா, தற்காலிகமா என்று பாருங்கள். என்னுடையது தற்காலிகம். தேதி தாண்டினால் பணமும் நின்றுவிடும். அதனால் ஆறு மாதம் முன்பே பிசியோதெரபி அளவீட்டைப் புதிதாக எடுத்துவிடப் போகிறேன். இந்த முறை தோளும் இறுகியிருக்கிறது, அதையும் துண்டுத்தாளில் சேர்த்து எழுதியாயிற்று.